பூச்சுக்கு அடியில் கீறல்: கசினோ டோக்கன் கேள்வி-பதில்

கேள்வி: லாஸ் வேகாஸ் கசினோ ஒன்றின் ஒரு டொலர் டோக்கன், தங்க நிறத்தில் இருக்கிறது. "வெளிவராத முன்மாதிரி, உலகத்திலேயே சிலதுதான்" என்கிறார் விற்பவர். வாங்கலாமா? (வெள்ளவத்தை)

பதில்: நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். விளிம்பை ஒட்டிப் பொடிப்பொடியாக வெட்டுக்காயங்கள். ஸ்லொட் என்ற, காசுக்குப் பதில் டோக்கன் போட்டு ஆடும் சூதாட்ட இயந்திரத்துக்குள் மற்ற டோக்கன்களோடு மோதினால் இப்படித்தான் ஆகும். ஆனால் அந்தக் காயங்களின் உட்குழியிலும் தங்கம் மின்னுகிறது. அப்படியென்றால் முதலில் இயந்திரத்தில் நன்றாக ஓடி முடித்து, பிறகுதான் முலாம் பூசியிருக்கிறார்கள். முலாமுக்குப் பிறகு பட்ட காயமாக இருந்தால் உள்ளே அடி உலோகம் தெரிய வேண்டும்.

முன்மாதிரி என்றால் வித்தியாசம் அச்சடிக்கும்போதே வந்திருக்க வேண்டும்: வேறு உலோகம், கைவிட்ட வடிவம், பிறகு மாற்றிய எழுத்து. அச்சை விட்டு இறங்கிய பிறகு செய்ததெல்லாம் யாரோ ஒருவரின் கைவேலை. 1960களின் நடுவில் வெள்ளி டொலருக்குத் தட்டுப்பாடு வந்தபோது, ஃபிராங்க்ளின் மின்ட் என்ற தனியார் நாணயச்சாலை, லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடா மாநிலத்தின் கசினோக்களுக்குப் பெருந்தொகையாக டோக்கன் அடித்துக் கொடுத்தது. சாதாரண டோக்கனுக்குப் பஞ்சமே இல்லை. வாங்காதீர்கள்.

கேள்வி: "சுத்த வெள்ளியில் அடித்த சோதனைப் பிரதி" என்கிறார்கள். வெட்டிப் பார்க்காமல் எப்படிச் சோதிப்பது? (கொட்டாஞ்சேனை)

பதில்: செட்டியார் தெருவில் தெரிந்த நகைக்கடை இருந்தால் அங்கேயே தராசு கேளுங்கள். முதலில் சும்மா நிறுங்கள். அப்புறம் தண்ணீர்க் கிண்ணத்தைத் தராசில் வைத்து, அது காட்டும் அளவைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, டோக்கனை நூலில் கட்டி முழுக்க அமிழ விடுங்கள். அடியிலோ பக்கத்திலோ முட்டக்கூடாது. 20 கிராம் டோக்கன் சுத்த வெள்ளியானால் தராசு 1.9 கிராம் அளவில் காட்டும். செம்பு-நிக்கல் என்றால் 2.2, பித்தளை என்றால் 2.3க்கு மேல். 1990களின் 10 டொலர் டோக்கன்களுக்கு இந்தக் கணக்கு சரிவராது. அவற்றின் நடுவில் வெள்ளி, சுற்றிலும் பித்தளை வளையம். அவை அபூர்வமும் இல்லை.

கேள்வி: டோக்கனின் ஒரு பக்கம் வெறுமையாக இருக்கிறது. அச்சுப் பிழையா?

பதில்: அதே டோக்கனின் சாதாரணப் பிரதி ஒன்றோடு சேர்த்து நிறுத்துப் பாருங்கள். எடையும் தடிப்பும் குறைந்தால் அரத்தால் ராவியிருக்கிறார்கள். சாய்வாக டோர்ச் அடித்தால் ஒரே திசையில் ஓடும் கோடுகளும் தெரியும்.

கேள்வி: சூதாட்ட மேசையில் காசுக்குப் பதில் வைக்கும் வில்லை, அதாவது பழைய களிமண் சிப், நடுவில் தங்க எழுத்து. 1950களின் மாதிரியாம். (தெஹிவளை)

பதில்: சிப் பழையதாகவே இருக்கலாம், எழுத்துத்தான் புதிது. எழுத்து அடிக்காமல் மிஞ்சிய பழைய சிப்களை வாங்கி, மூடிப்போன கசினோக்களின் பெயரைச் சூட்டு அச்சில் பதிப்பது இந்தத் தொழிலில் தெரிந்த வித்தை. சிப்பின் மேல் ஓடும் ஒரு நீளக் கீறலைப் பிடித்துக்கொண்டு லென்ஸால் பின்தொடருங்கள். உண்மையான எழுத்தென்றால் கீறல் தங்கத்தையும் அறுத்துக்கொண்டு போகும். இங்கே கீறல் எழுத்தின் அடியில் புகுந்து மறுபக்கம் வெளியே வருகிறது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

புற ஊதாக்கதிர் (UV) விளக்கு இருந்தால் துளை இருந்திருக்கக்கூடிய இடத்திலும் காட்டுங்கள். செல்லாததாக்கத் துளையிட்ட சிப்பைப் பசை வைத்து அடைத்திருந்தால், அந்த இடம் பெரும்பாலும் வேறு மாதிரி ஒளிரும். ஒளிராவிட்டால் நல்லது என்று முடிவுகட்டவும் வேண்டாம்.

கேள்வி: "பெலாஜியோ" என்று எழுதிய சிப் ஒன்று. லாஸ் வேகாஸ் திறப்புவிழாவுக்கு முந்தைய மாதிரி என்றார்கள், வாங்கிவிட்டேன்.

பதில்: கொழும்பிலும் அந்தப் பெயரில் கசினோ இருக்கிறதே! 1998இல் லாஸ் வேகாஸில் திறந்த பெலாஜியோவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நெவாடா விதிப்படி சிப்பில் கசினோவின் பெயரோடு ஊர்ப்பெயரும் இருக்க வேண்டும். உங்களுடையதில் ஊர்ப்பெயர் இல்லை. "மாதிரி என்பதால்தான் ஊர் போடவில்லை" என்று விற்றவர் சமாளிப்பார். அதற்கு ஆதாரம் காட்ட வேண்டியது அவர். காட்டாவிட்டால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.