லாவோஸ் சாப்பாடு தாய்லாந்துச் சாப்பாடு மாதிரியேதானா? அங்கே போனால் எதைச் சாப்பிடலாம்?

"மாதிரியே" என்று சொல்வதாக இருந்தால் தலைகீழாகத்தான் சொல்ல வேண்டும். பாங்காக் தெருக்களில் விற்கும் காரமான பப்பாளிக்காய்க் கலவையும், லாப் என்கிற கொத்துக்கறியும் பெரும்பாலும் ஈசானிலிருந்து வந்தவை. தாய்லாந்தின் வடகிழக்குப் பகுதியான அங்கே இருக்கும் லாவ் வம்சாவளியினர், லாவோஸின் மொத்த மக்கள்தொகையை விட அதிகம். வேலை தேடி பாங்காக் போனவர்களோடு அவர்கள் சமையலும் போய்விட்டது.

லாவோஸில் எல்லாம் சோற்றிலிருந்துதான் தொடங்குகிறது. காவ் நியாவ் என்கிற ஒட்டும் அரிசியை இரவே ஊறவைத்து, மறுநாள் கூம்பு வடிவ மூங்கில் கூடையில் போட்டு, குறுகிய கழுத்துள்ள பானை மேல் வைத்து ஆவியில் வேக வைப்பார்கள். வடித்தெடுக்கும் சோறு இல்லை. வெந்ததும் மூடி போட்ட சின்ன மூங்கில் கூடையில் மேசைக்கு வரும். கொஞ்சம் கிள்ளி, விரல்களால் உருட்டி, தொட்டுச் சாப்பிட வேண்டியதுதான். குழம்பு ஊற்றிப் பிசையும் பேச்சே கிடையாது. அதனால் மற்ற பதார்த்தங்கள் கெட்டியாக, புளிப்பும் உறைப்புமாக இருக்கும். சூப் இருந்தால் அதைத் தனியாகக் கரண்டியால் குடிப்பார்கள்.

லாப் கட்டாயம் சாப்பிடுங்கள். பொடியாகக் கொத்திய இறைச்சி அல்லது மீனில் எலுமிச்சைச் சாறு, மிளகாய், கைநிறையப் புதினா, வெங்காயத்தாள். அப்புறம் வெறும் வாணலியில் பொன்னிறமாக வறுத்து இடித்த அரிசிப் பொடி. அந்த வறுத்த வாசனை இல்லாவிட்டால் அது வெறும் கொத்துக்கறிதான். சில இடங்களில் பச்சை இறைச்சியிலும் செய்வார்கள். வெந்ததுதானா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

லுவாங் பிரபாங் போனால் ஓர் லாம் கேளுங்கள். கத்தரிக்காய், மூலிகைகள், உலர்ந்த எருமை இறைச்சி எல்லாம் சேர்ந்த கெட்டியான குழம்பு. அதில் மிளகு இனத்துக் காட்டுக்கொடி ஒன்றின் கட்டைத் துண்டுகள் கிடக்கும். பெயர் சக்கான். மென்று சாறை இறக்கிவிட்டுச் சக்கையைத் துப்பிவிட வேண்டும், நாக்கு லேசாக மரத்துப்போகும். அதே ஊரின் கைபேனும் எனக்குப் பிடிக்கும்: ஆற்றுப்பாசியை எள், பூண்டு, தக்காளி தூவித் தாளாகக் காயவைத்து, எண்ணெயில் ஒரு நொடி பொரித்தது. தொட்டுக்கொள்ள ஜேவ் போங். வறுத்த மிளகாயும் பூண்டும் சேர்த்து இடித்த துவையல் அது, எருமைத்தோலும் போடுவார்கள்.

வாழையிலையில் பொதிந்து அவித்த மீன் மோக் பா. நம் ஆட்களுக்கு அது உடனே பிடித்துவிடும். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன நீள ரொட்டி காலையில் எங்கும் கிடைக்கும், அவசரத்துக்கு அதுவே போதும்.

சைவம் என்றால்தான் சிக்கல். பாடேக் என்கிற, உப்பும் தவிடும் சேர்த்து மாதக்கணக்கில் புளிக்கவைத்த ஆற்றுமீன், காய்கறி என்று நினைத்துக் கேட்கும் பப்பாளிக்காய்க் கலவையிலும் இருக்கும். வாடை கருவாட்டை விடக் கடுமை. "போ சை பாடேக்" என்று சொன்னால் அதைச் சேர்க்காமல் இடித்துக் கொடுப்பார்கள். மீன் சாஸும் வேண்டாம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.