டிபனுக்குப் பதில் டீ: விடுதி மாணவிக்கு ஏன் மூச்சு வாங்குகிறது?

கேள்வி: திருச்சியில் விடுதியில் தங்கி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இரவு ஒரு மணிக்குத்தான் தூங்குகிறேன். அதனால் காலை டிபனை விட்டுவிட்டு, இடைவேளையில் டீயும் பஃப்ஸும் சாப்பிடுகிறேன். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, முடியும் கொட்டுகிறது. அறையில் சமைக்க அனுமதி இல்லை. என்ன சாப்பிடலாம்?

பதில்: என்ன சாப்பிடலாம் என்று பார்ப்பதற்கு முன்னால், ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் அம்மா. நீங்கள் சொல்வதெல்லாம் ரத்தசோகைக்கான அறிகுறிகள். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இது இருக்கிறது. ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினும் பாருங்கள். உடலில் இரும்புச்சத்து எவ்வளவு இருப்பில் உள்ளது என்பதை அதுதான் காட்டும். மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகமென்றால் கூச்சப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். பல மாணவிகள் மறைப்பது இதைத்தான்.

அடுத்தது டீ. அதைக் குடிக்கவே கூடாது என்று சொல்லமாட்டேன். ஆனால் அதிலுள்ள டானின், தானியத்திலும் கீரையிலும் இருக்கும் இரும்புச்சத்தை உடல் ஏற்கவிடாமல் தடுக்கிறது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பும் பின்பும் டீ, காபி வேண்டாம். வைட்டமின் சி நேர்மாறானது, இரும்பை உள்ளே இழுக்கும். மெஸ்ஸில் கீரையோ சுண்டலோ போடும் நாளில் எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள். ஒரு கொய்யாவோ நெல்லிக்காயோ உடன் இருந்தால் இன்னும் நல்லது.

டிபனுக்குப் போக முடியாத நாளுக்கென அறையில் வறுத்த வேர்க்கடலை, பொட்டுக்கடலை, வாழைப்பழம் வைத்திருங்கள். 30 கிராம் வேர்க்கடலையில் 7 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது. பஃப்ஸில் பெரும்பாலும் மைதாவும் கொழுப்பும்தான். இரவு பசித்தாலும் நூடுல்ஸுக்குப் பதில் இவையே போதும். அசைவம் சாப்பிடுவீர்கள் என்றால், வாரம் இரண்டு மூன்று முறை மீனோ கறியோ எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள இரும்பை உடல் எளிதாக ஏற்கும். முட்டை புரதத்துக்கு நல்லது, இரும்புக்கு அதை நம்ப வேண்டாம். பேரீச்சம்பழமும் அப்படித்தான், அது மட்டுமே ரத்தசோகையைச் சரிசெய்துவிடாது.

ரத்தசோகை உறுதியானால் உணவு மட்டும் போதாது, இரும்புச்சத்து மாத்திரை தேவைப்படும். தோழி சொன்னதை நம்பிக் கடையில் வாங்காதீர்கள், மருத்துவர் எழுதித் தரட்டும். மாத்திரையால் மலம் கருப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். வயிற்றைப் புரட்டினால் அவரிடமே சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். தெம்பு வந்துவிட்டது என்று பாதியில் நிறுத்தாதீர்கள். ஹீமோகுளோபின் ஏறிய பிறகும் இருப்பு நிரம்பச் சில மாதங்கள் ஆகும்.