பாடச் சொன்னால் பாடுங்கள்

அன்புள்ள ஐயா,

நான் இங்கிலாந்தின் வடகோடியில், கார்லைலில் வேலை பார்க்கிறேன். ஜூலை தொடக்கத்தில் கூட வேலை செய்பவர் ஒருவர் எல்லைக்கு அந்தப் பக்கம், ஸ்காட்லாந்தில் நியூகாசில்டன் என்ற கிராமத்தின் மரபிசை விழாவுக்கு அழைத்துப்போனார். ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர். ரயில் கிடையாது. பகலில் ஃபிடில், அக்கார்டியன், பாட்டு என்று போட்டிகள். அப்புறம் மதுக்கூடங்களில் வட்டமாக உட்கார்ந்து வாசிக்கிறார்கள். பள்ளிக்கூடப் பையனுக்குப் பக்கத்தில் எண்பது வயதுக்காரர். மைக் கிடையாது. நிறையவே போனில் பதிவு செய்துகொண்டேன்.

ஓரிடத்தில் ஒவ்வொருவராகப் பாடிக்கொண்டு வந்தார்கள். என் முறை வந்தபோது, "உங்கள் மொழியில் ஒன்று பாடுங்களேன்" என்றார்கள். எனக்குப் பாட வராது, பாடினாலும் உங்களுக்குப் புரியாது என்று சொல்லித் தப்பித்துவிட்டேன்.

என் கேள்விகள்: நாட்டார் இசைக்குப் போட்டி வைப்பது சரியா? 1970 முதல் நடக்கும் விழா இன்னும் இவ்வளவு சிறியதாக இருப்பது தோல்வி இல்லையா? பெரிய கலைஞர்களை அழைத்து வளர்க்கலாமே? ஸ்காட்டிஷ் இசையை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் கடிதம் வந்த நேரத்தில் நான் ஸ்காட்டிஷ் நாட்டார் பாடகர் வில்லி ஸ்காட்டின் பழைய பதிவுகளைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் போய்வந்த ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் கேனன்பியில் 1897ல் பிறந்தவர். 1989ல் மறைந்தார். தொழில் ஆடு மேய்ப்பது. மேய்ப்பர்களின் கைக்கம்புகளை அழகாகச் செதுக்குவார். அந்த மலைநாட்டில் ஆட்டுக்கு உரோமம் கத்தரிக்கும் பருவத்தில் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் முறைவைத்து ஒருவருக்கொருவர் உதவிக்குப் போவார்கள். வேலை முடிந்த இரவில் சாப்பாடு, ஃபிடில், பாட்டு. அப்படிப்பட்ட இரவுகளில் வளர்ந்த குரல் அது. கூடவே எந்தக் கருவியும் கிடையாது. எதிரில் இருப்பவருக்கு ஊர்ச் செய்தி சொல்வதுபோல நிதானமாகப் பாடுவார். வயதான காலத்தில் நகரத்து இசை மன்றங்கள் அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தன. அங்கேயும் அப்படியேதான் பாடினார்.

போட்டி பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். தவறே இல்லை. ஜூலையில் நடுவர் முன்னால் நிற்க வேண்டும் என்பதற்காக ஒரு பிள்ளை பனிக்காலம் முழுக்கப் பயிற்சி செய்யும். அதற்கு மேல் இதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

விழா சிறியதாக இருப்பது தோல்வியா என்று கேட்டதுதான் எனக்குக் கோபத்தை வரவழைத்தது. அந்த ஊருக்கு ரயில் இல்லை என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். இருந்தது. எடின்பரோவிலிருந்து கார்லைலுக்கு அந்த வழியாகத்தான் போனது. அதை மூட முடிவெடுத்து, 1969 ஜனவரி 5ஆம் தேதி இரவு கடைசிப் பயணிகள் ரயிலை விட்டார்கள். நியூகாசில்டன் மக்கள் ரயில்வே கேட்டைச் சாத்திவிட்டு அந்தக் குளிரில் தண்டவாளத்தில் நின்றார்கள். ஊர்த் தேவாலயத்தின் போதகர் பிரைடன் மேபனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. அதே ரயிலில் வந்த நாடாளுமன்ற உறுப்பினர் டேவிட் ஸ்டீல் இறங்கி, போதகரை விடுவித்தால் வழிவிடுவதாகப் பேசிமுடித்த பிறகுதான் ரயில் நகர்ந்தது. பாதை போயே போய்விட்டது. மறு வருடம் இதே ஊரில் இந்த விழா தொடங்குகிறது. ரயிலை இழந்ததால் விழா வந்தது என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் சாலையை மட்டும் நம்பியிருக்கும் ஒரு எல்லையோரக் கிராமம் அரை நூற்றாண்டுக்கு மேலாக ஒரு விழாவைச் சொந்தக் கைகளால் நடத்திவருகிறது. அதைப் பார்த்துவிட்டு வந்து நட்சத்திரங்களை அழைக்கலாமே என்கிறீர்கள். நட்சத்திரம் வந்தால் மேடை போட வேண்டும். மேடை வந்தால் அந்தப் பையனும் பெரியவரும் டிக்கெட் வாங்கிக்கொண்டு கீழே உட்கார வேண்டியதுதான்.

சரி, இப்போது நீங்கள் பாடாமல் வந்ததற்கு வருகிறேன். கடிதத்தில் இதைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. எனக்கு உங்களிடம் பேச வேண்டியிருப்பது இதைத்தான்.

1953ல் ஹேமிஷ் ஹெண்டர்சன் என்ற சேகரிப்பாளர் அபர்தீனில் ஜீனி ராபர்ட்சன் என்ற பெண்ணின் கதவைத் தட்டினார். நாடோடிச் சமூகத்திலிருந்து வந்தவர் ஜீனி. அந்தச் சமூகத்தை ஊரார் இழிவாகத்தான் பார்த்தார்கள். களைப்பாக இருக்கிறது, பிறகு வாருங்கள் என்று சொல்லிவிட்டார். ஹெண்டர்சன் என்ன செய்தார் தெரியுமா? வாசலில் நின்றபடியே ஒரு பழைய போர்ப்பாட்டின் முதல் வரிகளைப் பாடினார். அது அப்படியில்லை என்று ஜீனி அவரை உள்ளே கூப்பிட்டு, சரியாகப் பாடிக்காட்டினார் என்பார்கள். இருபதாம் நூற்றாண்டு ஸ்காட்லாந்தின் மிகப் பெரிய பாலட் (கதைப்பாடல்) பாடகி உலகத்துக்குக் கிடைத்தது இப்படித்தான். பதிவுக்கருவியோடு போன மனிதர்கூட முதலில் தன் பாட்டைக் கொடுக்க வேண்டியிருந்தது. தப்பாகப் பாடியதால் ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை. தப்புதான் கதவைத் திறந்தது.

நீங்கள் போன பகுதியிலேயே இன்னொரு கதை உண்டு. எழுத்தாளர் வால்டர் ஸ்காட் 1792 முதல் வருடாவருடம் லிடெஸ்டேல் பள்ளத்தாக்கில் சுற்றிப் பாட்டு சேகரித்தார். 1802ல் அவற்றை அச்சிடத் தொடங்கினார். கவிஞர் ஜேம்ஸ் ஹாக்கின் தாய் மார்கரெட் லெய்ட்லா அவரை நேருக்குநேர் கண்டித்தார். அவை பாடுவதற்கு உண்டானவை, படிப்பதற்கு அல்ல, அச்சில் போட்டுக் கெடுத்துவிட்டீர்கள், இனி யாரும் பாடமாட்டார்கள் என்றாராம். மகன் எழுதிவைத்திருக்கிறார். அவர் பயந்தபடி நடக்கவில்லை, இன்றைக்கும் பாடுகிறார்கள். ஆனாலும் அந்த அம்மாவின் கோபம் எனக்குப் புரிகிறது. உங்கள் போனில் மணிக்கணக்காக அவர்களுடைய பாட்டு இருக்கிறது. அந்த அறையில் உங்கள் பாட்டு ஒரு வரிகூட இல்லை.

என் பெரியம்மாவுக்கு நிறையப் பாட்டு தெரியும். யாராவது நோட்டுப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தால் வாயே திறக்கமாட்டார். "நீ ஒண்ணு பாடு, நான் ஒண்ணு பாடுறேன்" என்பார். வந்தவர் நெளிவார், சினிமாப் பாட்டில் நாலு வரி இழுப்பார், ஸ்ருதி எங்கோ போகும். பெரியம்மா சிரிக்கவே மாட்டார். முழுக்கக் கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு தொடங்கினால் விளக்கு வைக்கிற வரைக்கும் பாடுவார்.

புரியாது என்றா சொன்னீர்கள்? அந்த நாட்டில், ஸ்காட்லாந்தின் பழைய மொழிகளில் ஒன்றான கேலிக்கில் ஒரு சொல்லும் தெரியாதவர்கள் கேலிக் பாட்டை உட்கார்ந்து கேட்கிறார்கள், பல்லவி வந்தால் கூடவே பாடுகிறார்கள். பாட வராது என்பதும் காரணம் இல்லை. அந்த வட்டத்தில் இருந்த எல்லோருக்குமா நல்ல குரல்? உங்கள் கூச்சம் எனக்குத் தெரியும், கே. வெளியூரில் புதியவர்களுக்கு நடுவில் தமிழ் வாயில் வரும்போது தொண்டை அடைத்துக்கொள்ளும். ஆனால் அவர்கள் உங்களை விருந்தாளியாக ஓரத்தில் உட்காரவைக்கவில்லையே. உங்கள் முறை என்றார்களே. அதற்குப் பிறகும் எழுந்து போயிருக்கிறீர்கள்!

கேட்கத் தொடங்குவதற்கு டோபர் அன் டுவல்கைஷ் என்ற இணையக் காப்பகம் போதும். பல்லாயிரம் பதிவுகள் இலவசமாகவே இருக்கின்றன. ஜீனியையும் வில்லி ஸ்காட்டையும் முதலில் கேளுங்கள். அடுத்த ஜூலைக்குள் உங்கள் அம்மாவிடமோ அத்தையிடமோ ஒரு பாட்டைக் கேட்டு வாங்கி, முழுதாக மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.