தேயிலைத் தொழிற்சாலை பாய்லரில் விறகுக்குப் பதில் பெல்லட் போடலாமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் தேயிலைத் தொழிற்சாலை. மணிக்கு ஒரு டன் பாய்லர், கையால் விறகு போடும் கிரேட் (விறகு எரியும் இரும்புக் கம்பித் தட்டு). ஜூன் பிறந்தால் ஸ்டீம் ஏறுவதில்லை. மரத்தூளை அழுத்திச் செய்த சிறு உருளைகளான பெல்லட்டைப் போடச் சொல்கிறார்கள். "ஏ1 தரம், கிலோவுக்கு 4,300 கிலோகலோரி" என்கிறார் சப்ளையர். நம்பி மாறலாமா?

பதில்:

மாறலாம். ஆனால் அதற்கு முன் இப்போது எரிக்கும் விறகில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பாருங்கள். ஜூனில் ஸ்டீம் ஏறாததற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.

முழுக்கக் காய்ந்த மரம் கற்பூர மரமானாலும் சீகையானாலும் சில்வர் ஓக்கானாலும் கிலோவுக்குச் சுமார் 4,400 கிலோகலோரி தரும். மரத்துக்கு மரம் வித்தியாசம் சொற்பம். ஈரம்தான் ஆளை விழுங்குகிறது: 25% ஈரத்தில் சுமார் 3,150, 40 சதவீதத்தில் 2,400, அப்போதுதான் வெட்டிய 50% ஈர மரத்தில் 1,900. நல்ல பெல்லட்டில் ஈரம் 10 சதவீதத்துக்குள் இருப்பதால் 3,900 கிடைக்கும்.

ஒரு டன் ஸ்டீமுக்கு, 100 டிகிரி தண்ணீரிலிருந்து கணக்கிட்டால், 5,40,000 கிலோகலோரி வேண்டும். பெல்லட்டில் பாய்லர் 75% திறனில் ஓடினால் 185 கிலோ போதும். 40% ஈர விறகில் திறன் 60 சதவீதத்துக்கு இறங்கும், 375 கிலோ போக வேண்டும். அதே விறகு 25 சதவீதத்துக்குக் காய்ந்திருந்தால் 65% திறனில் ஏறக்குறைய 260 கிலோ. ஆக, ஈர விறகைப் போல இரண்டு மடங்கு விலை கொடுத்தாலும் பெல்லட் கட்டுபடியாகும். காய்ந்த விறகோடு ஒப்பிட்டால் 1.4 மடங்கைத் தாண்டினாலே நஷ்டம். உங்கள் ஊர் விலையை இதில் போட்டுப் பாருங்கள். டன் விலையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

ஈரத்தை அளக்க இரண்டு ஊசி மீட்டரை நம்ப வேண்டாம். அது காய்ந்த எடையை வைத்துச் சதவீதம் காட்டும். மீட்டரில் 50 என்றால், ஈரத்தோடு சேர்ந்த மொத்த எடையை வைத்து நாம் பேசும் கணக்கில் 33தான். போதாததற்கு, 30க்கு மேல் போனால் அது காட்டுவதே குத்துமதிப்பு. கட்டையின் நடுவிலிருந்து (முனையிலிருந்து அல்ல, முனை எப்போதும் காய்ந்தே இருக்கும்) இரண்டு விரல் தடிமனுக்கு ஒரு வில்லை அறுத்து எடை போடுங்கள். 105 டிகிரி ஓவனில் ஒரு நாள் வைத்து, எடை இனிக் குறையாது என்றானதும் திரும்ப எடை போடுங்கள். குறைந்த எடையை முதல் எடையால் வகுத்தால் ஈரம். தேயிலைத் தூளின் ஈரம் பார்க்க ஃபேக்டரியில் வைத்திருக்கும் ஓவனே இதற்குப் போதும்.

மலையில் விறகு காயும் காலம் ஜனவரி முதல் மே வரைதான். காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்தில் நின்றால் மரம் எத்தனை மாதம் கிடந்தாலும் சுமார் 17 சதவீதத்துக்குக் கீழே இறங்காது. தென்மேற்குப் பருவமழையில் அடுக்கிய விறகு வடகிழக்கு மழையையும் பார்த்துவிட்டுத்தான் காயத் தொடங்கும். டிசம்பர், ஜனவரியில் வாங்கி, 10-15 சென்டிமீட்டர் தடிமனுக்குப் பிளந்து, தரையில் படாமல், மேலே கூரையும் பக்கம் திறப்புமாக அடுக்குங்கள். பிளக்காத உருண்டைக் கட்டையில் பட்டை வழியாக ஈரம் எளிதில் வெளியேறாது. தார்ப்பாய் போட்டு நாலு பக்கமும் இழுத்துக் கட்டுவது பலர் செய்யும் தவறு, உள்ளே வேர்த்துப் பூசணம்தான் பிடிக்கும்.

இதெல்லாம் செய்ய இடமில்லை, ஆளில்லை என்றால் பெல்லட் சரி. இனி அந்த "ஏ1, 4,300" என்ன என்று பார்ப்போம்.

ஏ1, ஏ2, பி என்பவை ஐஎஸ்ஓ 17225-2 என்ற சர்வதேசத் தரத்தில் உள்ள வகுப்புகள். ஏ1 என்றால் விட்டம் 6 அல்லது 8 மில்லிமீட்டர், ஈரம் 10 சதவீதத்துக்குள், சாம்பல் 0.7 சதவீதத்துக்குள், தூள் 1 சதவீதத்துக்குள், நிகர வெப்பம் கிலோவுக்குக் குறைந்தது 16.5 மெகாஜூல், அதாவது சுமார் 3,940 கிலோகலோரி. பி வகுப்பில் சாம்பல் 2% வரை போகலாம். இது மரத்துக்கு மட்டுமான தரம். கடலைத்தோல், வைக்கோல் கலந்த பெல்லட்டுக்கு 17225-6 என்று தனிப் பகுதி இருக்கிறது, அதில் சாம்பல் வரம்பே பல மடங்கு அதிகம். கடலைத்தோல் பெல்லட்டை ஏ1 என்று விற்றால் அது ஏமாற்று.

4,300 பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அது மொத்த வெப்ப மதிப்பு, நம் ஊர்ச் சந்தையில் ஜிசிவி என்பார்கள். எரியும்போது உண்டாகும் நீராவியைத் திரும்பக் குளிர்வித்தால் கிடைக்கும் வெப்பத்தையும் சேர்த்த எண். உங்கள் பாய்லர் அதைப் புகைபோக்கி வழியே வெளியே விட்டுவிடும், கைக்கு வருவது அந்த 3,900தான். ஆகவே இரண்டு சப்ளையர்களை ஒப்பிடும்போது இருவரும் ஒரே கணக்கில் பேசுகிறார்களா என்று கேளுங்கள். ஈரத்தோடு சேர்த்தே 4,800 என்று யாராவது சொன்னால் அது வெறும் மரமாக இருக்க முடியாது.

லாரி வந்ததும் அரை மணி நேரத்தில் பார்க்கக்கூடிய சோதனைகள் உண்டு. 20 லிட்டர் பெயிண்ட் டப்பாவைத் தலைதட்டி நிரப்பி எடை போடுங்கள். டப்பா எடை போக 12 கிலோவுக்குக் குறைந்தால் அழுத்தம் போதாத பெல்லட், வழியிலேயே உதிரும். 3 மில்லிமீட்டர் சல்லடையில் ஒரு மூட்டையைச் சலியுங்கள். 50 கிலோ மூட்டையில் அரை கிலோவுக்கு மேல் தூள் விழுந்தால் சப்ளையரிடம் கேள்வி கேளுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து வளைவுகளில் குலுங்கி வந்ததில் கொஞ்சம் கூடும், அதற்காக 4, 5 சதவீதத்தை ஏற்க வேண்டாம். பிறகு ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் பத்துப் பெல்லட்டைப் போடுங்கள். நல்லது உடனே மூழ்கும், சில நிமிடங்களில் உப்பிச் சிதைந்து வெறும் மரத்தூளாகிவிடும். மிதந்தால் அழுத்தம் இல்லை. நெடுநேரம் உருக்குலையாமல் கிடந்தால் பசை கலந்த பிளைவுட், எம்டிஎஃப் கழிவாக இருக்கலாம். கலக்கி ஊற்றியபின் அடியில் மணல் நெறுநெறுத்தால் கிளிங்கர் (சாம்பல் உருகி இறுகிய கட்டி) நிச்சயம். சாம்பலுக்கு ஆய்வக அறிக்கை கேளுங்கள், கூடவே நீங்களும் ஒரு டன் எரித்துச் சாம்பலை எடை போடுங்கள்: 0.7% என்றால் 7 கிலோ, எரியாத கரி கொஞ்சம் சேர்ந்தாலும் 15ஐத் தாண்டக் கூடாது. 50, 60 கிலோ வந்தால் அது மரம் அல்ல.

அடுத்தது உங்கள் கிரேட். இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். விறகுக்கான கிரேட் கம்பிகளின் சந்தில் 6 மில்லிமீட்டர் பெல்லட் அப்படியே சாம்பல் குழியில் கொட்டும். மிச்சம் கம்பிகள் மேல் மெத்தை போலப் படிந்து காற்றை அடைக்கும். ஃபயர்மேன் விறகுப் பழக்கத்தில் இரண்டு மண்வெட்டி சேர்த்துப் போட்டால் முதலில் கறும்புகை வரும், பிறகு தேங்கிய வாயு "டப்" என்று பற்றும், கதவுக்கு நேரே நிற்பவர் முகத்தில் தீ அடிக்கும். பெல்லட்டுக்கு, திருகு சுழன்று உள்ளே தள்ளும் ஸ்க்ரூ ஃபீடரும் அதற்கான பர்னரும் வேண்டும். அந்தச் செலவு வேண்டாம் என்றால் பெல்லட்டை விட்டுவிட்டு, கைமுட்டி கனத்தில் வரும் பிரிக்கெட்டைப் பாருங்கள். அதற்கு ஐஎஸ்ஓ 17225-3 பொருந்தும். இருக்கிற கிரேட்டிலேயே எரியும். கையால் போடும் ஒரு டன் பாய்லருக்கு என் ஓட்டு பிரிக்கெட்டுக்குத்தான். பர்னர் பொருத்துவதானால் பாய்லரில் கைவைக்கும் முன் மாநில பாய்லர் துறையின் அனுமதி வாங்குங்கள்.

பர்னர் வாங்கினால் மலைக்காற்றைக் கணக்கில் சேருங்கள். சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைப் போல 80 சதவீதம்தான். குளிர் கொஞ்சம் ஈடுகட்டினாலும், கோயம்புத்தூரில் செட் செய்த ஃபேன் இங்கே அதே சுற்றில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைந்த ஆக்சிஜனைத் தள்ளும். ஃபீட் மட்டும் அதே அளவில் ஓடும். விளைவு புகை, கரி, டியூபில் படிவு. நிறுவ வருபவரை மலையிலேயே, முழு லோடில், புகைவாயு மீட்டர் வைத்து ஆக்சிஜன் 6 முதல் 9 சதவீதத்துக்குள் நிற்கும்படி செட் செய்யச் சொல்லுங்கள். டியூப் சுத்தமாக இருக்கும் முதல் நாள் புகைபோக்கி வெப்பநிலையைக் குறித்து வைத்து, அதைவிட 30, 40 டிகிரி ஏறினால் டியூபைத் துடையுங்கள். சுமார் 20 டிகிரிக்கு ஒரு சதவீதம் எரிபொருள் வீணாகிறது.

கிரேட்டில் கண்ணாடி போல உருகிய கிளிங்கர் வந்தால் முதல் சந்தேகம் மண்ணும் பொட்டாசியமும்: செம்மண்ணில் இழுத்து வந்த மரம், தென்னை நார்க்கழிவு, கடலைத்தோல் கலப்பு. அடிக்காற்றைக் குறைத்து மேல்காற்றைக் கூட்டுங்கள், தணலைக் கிளறிச் சாம்பலை மேலே கொண்டு வராதீர்கள். விரலால் நசுக்கினால் பொடியாகும் சாம்பல்நிறக் கட்டி சாதாரணமானது, விட்டுவிடலாம்.

சேமிப்பில் ஈரம்தான் எதிரி. உள்ளே பாலித்தீன் உறை உள்ள மூட்டையாக வாங்குங்கள், பலகை மேல் சுவரை விட்டுத் தள்ளி அடுக்குங்கள். மழைக்காலத்தில் பத்து, பதினைந்து நாள் சரக்குக்கு மேல் வேண்டாம். திறந்த மூட்டை இரண்டு நாள் பனிமூட்டம் பட்டாலே உதிரத் தொடங்கும், அந்தத் தூள் ஸ்க்ரூவில் கட்டிப்போய் அடைக்கும். அடைத்த அறையிலோ சைலோவிலோ மொத்தமாகக் கொட்டி வைத்தால் பெல்லட்டிலிருந்து கார்பன் மோனாக்சைடு கசிந்து சேரும். வாசனையே இருக்காது, உள்ளே இறங்கியவர் மயங்கிய பிறகுதான் தெரியும். அதனால் மேலும் கீழும் காற்றோட்டம் விடுங்கள், தனியாளை இறக்காதீர்கள்.

கடைசியாக, கரண்ட் போனால் என்ன ஆகும் என்று விற்பவரிடம் கேளுங்கள். ஃபேன் நின்றதும் தணல் ஸ்க்ரூ வழியாகப் பின்னோக்கி ஊர்ந்து தொட்டிக்குப் போகும். தொட்டிக்கும் ஸ்க்ரூவுக்கும் நடுவே ரோட்டரி வால்வு இருக்க வேண்டும், ஸ்க்ரூ குழாய் சூடானால் மின்சாரம் இல்லாமலே திறந்து தண்ணீர் விடும் வால்வும் இருக்க வேண்டும். அந்தத் தண்ணீர் மேல்தொட்டியிலிருந்து தானாக இறங்க வேண்டும், பம்பை நம்பி இருக்கக் கூடாது.