வாகனக் கேள்வி பதில்: பழைய ரேஞ்ச் ரோவர் வாங்கலாமா?

கேள்வி: அண்ணா, ரேஞ்ச் ரோவர் ஓட வேண்டும் என்பது என் நீண்ட நாள் ஆசை. 2008 ஆம் ஆண்டு 3.6 டீசல் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். 118,000 மைல் ஓடியிருக்கிறது. போன கிழமைதான் எம்.ஓ.டி. (பிரிட்டனின் வருடாந்த வாகனத் தகுதிப் பரிசோதனை) பாஸாம். "12 மாதத்துக்கு யோசிக்கவே தேவையில்லை" என்கிறார் விற்பவர். அரசாங்க இணையத்தளத்தில் பழைய முடிவுகளையும் பார்த்தேன். மூன்று வருடமாகப் பின் பிறேக் குழாயில் இலேசான துரு, முன் ரயர்களின் உள்விளிம்பில் தேய்வு என்று அட்வைசரி (பெயில் ஆக்காத எச்சரிக்கைக் குறிப்பு) வந்திருக்கிறது. இந்த வருடம் ஒன்றுமே இல்லை. வாங்கலாமா?
– வாசகர், ஹரோ, லண்டன்

பதில்: தம்பி, பழைய முடிவுகளைத் தேடிப் பார்த்தது நல்ல வேலை. நம்பர் பிளேட் இலக்கம் மட்டும் இருந்தால் போதும், 2005க்குப் பிறகு நடந்த பரிசோதனைகளை இலவசமாகப் பார்க்கலாம். ஆனாலும் முக்கால்வாசிப் பேர் காசு கொடுத்த பிறகுதான் பார்க்கிறார்கள்.

மூன்று வருடம் இருந்த துரு நான்காம் வருடம் தானாக மறையாது. குழாயை மாற்றியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கிரீஸோ கறுப்புப் பூச்சோ பூசி மறைத்திருக்க வேண்டும். பரிசோதகர் எதையும் கழற்றிப் பார்க்க முடியாது, கண்ணுக்குத் தெரிவதைத்தான் எழுதுவார். 22 வருடம் அந்த வேலை செய்தவன் என்பதால் சொல்கிறேன். மாற்றியிருந்தால் கராஜ் பில் இருக்கும், அதைக் கேளுங்கள். பில் இல்லையென்றால் வாகனத்தை உயர்த்தி, டோர்ச் அடித்துப் பாருங்கள். குளிர்காலத்தில் ரோட்டில் போடும் உப்பு பின்பக்கக் குழாய்களை அரித்துவிடும். குழாய் மலிவுதான். கை எட்டாத இடங்களில் ஓடுவதால் வேலைக்கூலிதான் ஏறும்.

ரயர் தேய்வு வேறு கதை. இந்த வாகனம் இரண்டரை தொன்னைத் தாண்டும். இவ்வளவு பாரமான வாகனம் ஓடும்போது, முன் சக்கரங்களைப் பிடித்திருக்கும் கீழ்க்கைகளின் றப்பர் புஷ்கள் (மூட்டு றப்பர்கள்) நிறைய அடி வாங்கும். புஷ் தளர்ந்தால் சக்கரத்தின் கோணம் மாறி, ரயரின் உள்விளிம்பு சாப்பிடப்படும். இந்த வருட பாஸ் புது ரயர் போட்டதால் கிடைத்ததாகவும் இருக்கலாம். புஷ் பழையதாகவே இருந்தால் புது ரயரும் அதே வழியில்தான் போகும். ஓட்டிப் பார்த்து நிறுத்திய பிறகு ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பி, உள்விளிம்பைக் கையால் தடவிப் பாருங்கள்.

அப்புறம் காற்று சஸ்பென்சன். தயவுசெய்து இதில் அவசரப்பட வேண்டாம். சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு றப்பர் காற்றுப்பைகள் இந்த வாகனத்தைத் தாங்குகின்றன. வயதாக ஆக, மடிப்பு விழும் இடத்தில் றப்பரில் வெடிப்பு விழும். காற்றுக் கசியும் சத்தம் காதில் கேட்டால் எம்.ஓ.டி.யில் பெயில்தான். ஆனால் இரவு முழுக்க மெல்ல மெல்லக் கசிகிற பை, முக்கால் மணி நேரப் பரிசோதனையில் பிடிபடுவதில்லை. கசிவை ஈடுகட்ட, பைகளுக்குக் காற்றடிக்கும் கொம்பிரசர் ஓயாமல் ஓடி, கடைசியில் அதுவும் எரிந்துபோகும். விற்பவரிடம் சொல்லி, முதல்நாள் மாலை வாகனத்தை மட்டமான தரையில் விடச் செய்யுங்கள். சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே மட்காட் விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்து எழுதுங்கள். காலையில் இயந்திரத்தை இயக்கும் முன் திரும்ப அளக்கவும். ஒரு மூலை இறங்கியிருந்தால் அங்கேதான் நோய். பை மாற்றும்போது ஒரே அச்சின் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள்.

எம்.ஓ.டி.யில் இயந்திரம், கிளச், கியர்பெட்டி ஆகியவற்றின் நிலையைப் பார்ப்பதே இல்லை. இதே போன்ற ஒரு பெரிய வாகனத்தைப் புத்தம் புது எம்.ஓ.டி.யோடு வாங்கிய குடும்பம் ஒன்று, இரண்டு கிழமையில் கியர் விழாமல் என்னிடம் வந்தது. சான்றிதழில் ஒரு பிழையும் இல்லை. அவர்கள் ஏமாந்த பகுதி அதில் இடம்பெறவே இல்லை. அந்தத் தாயின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது. நீங்கள் பார்த்த 3.6 டீசலில் இசட்.எஃப். நிறுவனத்தின் ஆறு கியர் பெட்டி வரும். 2006 வரை வந்த 3.0 டீசலின் பெட்டியைவிட உறுதியானது. அதன் எண்ணெயை மாற்றவே தேவையில்லை என்று சிலர் சொல்வார்கள், நம்பாதீர்கள். 80,000 முதல் 120,000 கிலோமீற்றருக்குள் மாற்றச் சொல்வது பெட்டியைச் செய்த நிறுவனமே. 118,000 மைல் என்பது 190,000 கிலோமீற்றர். எண்ணெய் மாற்றிய பில் இல்லையென்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

கைபிறேக் பட்டனையும் நாலைந்து தடவை போட்டு எடுத்துப் பாருங்கள். கிரீச்சென்று அலறினால் பின் டிஸ்க்குக்குள் இருக்கும் கைபிறேக் ஷூக்கள் சரியாகச் செட் பண்ணப்படவில்லை.

இவையெல்லாம் சரி வந்தாலும், தம்பி, ஹரோவில் இருந்துகொண்டு இந்த டீசல் வேண்டாம் என்பதே என் முடிவு. 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டன் முழுவதும் யூலெஸ், அதாவது புகை கூடிய வாகனங்களுக்குத் தினக்கட்டணம் வாங்கும் வலயம். டீசல் என்றால் யூரோ 6 என்ற புகைத் தரம் இருக்க வேண்டும், 2008 டீசல் அதற்குள் வராது. ஒரு நாளைக்கு 12.50 பவுண்ஸ். வருடத்தில் 250 நாள் வேலைக்கு ஓடினால் 3,125 பவுண்ஸ், டீசல் காசு வேறு. ஆசை தீராவிட்டால் யூரோ 4 பெற்றோல் ஒன்றைத் தேடுங்கள். பெற்றோல் கூடுதலாகக் குடிக்கும், ஆனால் தினக்கட்டணம் இல்லை.

கேள்வி: எனது வாகனம் எம்.ஓ.டி. பெயில். பழைய சான்றிதழ் முடிய இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. அதுவரை ஓடலாமா?
– வாசகி, லெஸ்டர்

பதில்: பெயில் தாளை எடுத்துப் பாருங்கள், தங்கச்சி. 2018 மே 20 முதல் குறைகளைத் தரம் பிரித்து எழுதுகிறார்கள். அதில் "டேஞ்சரஸ்" (ஆபத்தானது) என்று ஒன்றாவது இருந்தால் திருத்தும் வரை ஓடக்கூடாது. 2,500 பவுண்ஸ் வரை தண்டம் வரலாம், லைசென்ஸில் 3 புள்ளியும் ஏறலாம். "மேஜர்" (பெரிய குறை) மட்டும் என்றால், பழைய சான்றிதழ் முடியும் வரை ஓட அனுமதி உண்டு, ஆனால் வாகனம் ரோட்டில் ஓடத் தகுந்த நிலையில் இருக்க வேண்டும். பரிசோதித்த இடத்திலேயே விட்டுத் திருத்தினால், 10 வேலைநாளுக்குள் குறை இருந்த பகுதிகளை மட்டும் காசில்லாமல் திரும்பப் பார்ப்பார்கள்.