350 சொல்லில் ஐடா ஸ்கடர் எதற்கு?

கேள்வி: குடியாத்தத்தில் பிளஸ் டூ படிக்கிறேன். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தொழிலாளர் உறவுகள் படிக்க விண்ணப்பிக்கிறேன். பொதுக் கட்டுரையை முடித்துவிட்டேன். பல்கலைக்கழகம் தனியாகக் கேட்கும் துணைக் கட்டுரைகளில்தான் திணறுகிறேன். வேலூர் சி.எம்.சி.யைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் கார்னெலில் படித்தவர் என்பதால் அவரை வைத்து ஒன்று எழுதி, இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஆலோசகர் ஒருவரோ, "அம்மா பீடி சுற்றுகிறார் அல்லவா, வறுமையை எழுது; பணம் கொடுத்தால் நானே எழுதித் தருகிறேன்" என்கிறார். ஒன்பதாம் வகுப்பிலிருந்து எங்கள் தெருப் பெண்களுக்குப் பீடிக் கணக்கு எழுதித் தருகிறேன். அதைத் தவிர என்னிடம் சொல்ல எதுவும் இல்லை. என்ன செய்வது?
- வாசகி, குடியாத்தம்

பதில்: அன்பு மகளுக்கு,

அந்த ஆலோசகருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதே. பிறர் எழுதியதை உன் பெயரில் அனுப்புவது மோசடி. செயற்கை நுண்ணறிவு எழுதித் தந்ததை அனுப்புவதையும் 2023 முதல் காமன் ஆப் (பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு ஒரே இடத்தில் விண்ணப்பிக்கும் இணையதளம்) மோசடி என்றே சொல்கிறது. பள்ளி ஆங்கில ஆசிரியர் பிழையைச் சுட்டிக்காட்டலாம். திருத்துவது நீயாக இருக்க வேண்டும்.

உன் வரைவில் பாதிக்கு மேல் ஐடா ஸ்கடர்தான் இருக்கிறார். அவர் 1899இல் கார்னெலில் மருத்துவப் பட்டம் பெற்றது உண்மை. ஆனால் அந்த மருத்துவக் கல்லூரி இருந்தது நியூயார்க் நகரில். நீ போக நினைப்பதோ தொலைவில், கார்னெலின் முதன்மை வளாகம் இருக்கும் இத்தாக்கா ஊருக்கு. வேலூர்ப் பக்கத்திலிருந்து கார்னெலுக்கு எழுதும் யாருக்கும் முதலில் நினைவுக்கு வருபவர் அவர். அவரை எடுத்துவிட்டால் உன் கட்டுரையில் மிஞ்சுவது "சேவை செய்ய விரும்புகிறேன்" என்ற ஒரு வரி. அதை யார் வேண்டுமானாலும் எழுதலாம்.

"எதுவும் இல்லை" என்று ஒதுக்கினாயே, அந்தக் கணக்கு நோட்டை எடு. நீ சார்ந்த ஒரு சமூகம் உன்னை எப்படி உருவாக்கியது என்று கார்னெல் சமீப ஆண்டுகளில் 350 சொற்களுக்குள் கேட்டுவருகிறது. (கேள்விகள் மாறுவதுண்டு, இந்த ஆண்டுக்கானதைப் பார்த்துக்கொள்.) சமூகம் என்றதும் சாதிச் சங்கத்தையோ அரிமா சங்கத்தையோ தேடாதே. ஒரே ஏஜென்டிடம் இலையும் தூளும் வாங்கி, ஒரே தெருவில் உட்கார்ந்து சுற்றும் அந்தப் பெண்கள்தான் உன் சமூகம். முதல் கணக்கை யாருக்காக எழுதினாய்? எந்தத் தகராறில் அது தொடங்கியது? வாங்கிய இலை, கொடுத்த பீடி, கழித்துப் போட்டது என்று எதையெதைக் குறித்தாய்? நோட்டைப் பார்த்து ஏஜென்ட் முகம் சுளித்தாரா? "எழுதாதே, வேலை போய்விடும்" என்று தடுத்த அக்கா யாராவது உண்டா? உன் கணக்கே தப்பிப்போன நாளும் இருந்திருக்கும். அதை மறைக்காமல் எழுதினால் படிப்பவர் மற்றதையும் நம்புவார். இவற்றில் ஒரே ஒரு நாளை எடுத்து, முதலில் தமிழிலேயே எழுதிப் பார். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு கூலி என்ற முறையை, கட்டுரையைப் படிக்கும் அமெரிக்கருக்கு ஒரு வாக்கியத்தில் விளக்கினால் போதும்.

வறுமை? ஆயிரம் பீடிக்கு என்ன கிடைக்கிறது என்று எழுதிவிட்டால் அதுவே தெரிந்துவிடும். கண்ணீர் தனியாக வேண்டாம். குடும்பச் சூழ்நிலையைச் சொல்லியே ஆக வேண்டுமென்றால் விண்ணப்பத்தில் அதற்கென்று தனி இடம் இருக்கிறது.

அடுத்தது, இந்தப் படிப்பு ஏன் என்ற நீண்ட கட்டுரை. இங்கேதான் பலர் பல்கலைக்கழகத்தின் விளம்பரத்தையே அதற்குத் திருப்பி அனுப்புகிறார்கள். கார்னெல் என்ற பெயரை அழித்து வேறொரு பெயரை வைத்தாலும் உன் வாக்கியம் நிற்கிறதா? அப்படியானால் வெட்டிவிடு. தொழிலாளர் உறவுகளுக்கென்றே அங்கே 1945 முதல் தனிக் கல்லூரி இருக்கிறது. அதன் நூலகத்தைச் சேர்ந்த கீல் மையம் தொழிலாளர் ஆவணங்களைக் காக்கிறது. 1911இல் நியூயார்க்கில் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலை தீப்பிடித்தபோது 146 பேர் இறந்தார்கள். அது பற்றிய ஆவணங்களை அந்த மையம் இணையத்தில் வைத்திருக்கிறது. போய்ப் படி. அந்தக் காலத்து நியூயார்க்கிலும் துணியை வீட்டுக்கு எடுத்துவந்து தைத்த பெண்கள் இருந்தார்கள். நம் நாட்டில் 1966இல் வந்த பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டிலிருந்து சுற்றுபவரையும் தொழிலாளி என்றே ஏற்றது. அப்படியிருந்தும் கணக்கு எழுத ஒரு பள்ளி மாணவி ஏன் தேவைப்பட்டாள்? விடை உனக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அதைத் தேடத்தான் போகிறாய்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கும்போது கட்டணம் கட்டும் வசதியையும் கார்னெல் கணக்கில் எடுக்கிறது. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹெர்ஸ்ட் ஆகியவை அதைப் பார்ப்பதில்லை. ஆனால் அங்கே இடம் கிடைப்பதும் அரிதுதான். கார்னெலோடு நிற்காமல் அவற்றில் ஒன்றிரண்டுக்கும் எழுது. பெரும்பாலான கெடு ஜனவரித் தொடக்கத்தில் முடிந்துவிடும். அவர்கள் கேட்கும் கேள்விகள் வேறு. கார்னெலுக்கு எழுதியதைப் பெயர் மாற்றி அங்கே ஒட்டிவிடாதே.