கே.ஆர்.பி. அணை ரீல் கடலுக்குத் தாங்குமா?

கேள்வி: "அண்ணா, காவேரிப்பட்டணத்திலிருந்து எழுதுகிறேன். ஆறு வருடமாக கே.ஆர்.பி. என்கிற கிருஷ்ணகிரி அணையிலும் ஆற்றிலும் தூண்டில் போடுகிறேன். 7 அடி ராடு, நரம்பு சுற்றும் 3000 சைஸ் ரீல், 0.35 மில்லிமீட்டர் நைலான் நரம்பு இருக்கிறது. தை மாதம் நண்பர்கள் மூன்று பேர் கடலூர் போய்க் கரையில் நின்று பிடிக்கலாம் என்றிருக்கிறோம். கடைக்காரர் 12 அடி ராடும் 10000 சைஸ் ரீலும் இல்லாமல் கடல் பக்கமே போகாதே என்கிறார். கையில் 8,000 ரூபாய் இருக்கிறது. எதை வாங்குவது, எதை விடுவது?"

பதில்: தம்பி, அந்த 12 அடி ராடு உங்களுக்கு வேண்டாம், 10000 ரீலும் வேண்டாம். 9 அடி ராடு, 4000 அல்லது 5000 சைஸ் ரீல் போதும். அந்தப் பெரிய ரீல் அரை கிலோவுக்கு மேல் கனக்கும், காலையிலிருந்து மதியம் வரை அதை வீசிக்கொண்டே இருந்தால் மறுநாள் தோளைத் தூக்க முடியாது. அதோடு 12 அடி ராடு இரண்டு துண்டானாலும் ஒரு துண்டு 6 அடி. கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை என்று பஸ் மாறி மாறிப் போகிற நாம் அதை எங்கே வைப்பது? 9 அடி ராடு நாலரை அடியாக மடங்கிவிடும், மடியில் சாய்த்துக்கொண்டே போகலாம்.

கடல் என்றதும் ரொம்ப தூரம் வீச வேண்டும் என்று எல்லோரும் நினைக்கிறோம். கரையிலிருந்து பார்த்தால், அலை உடைந்து வெள்ளையாகப் பொங்கும் இடம் மணல்மேடு. அதற்கும் கரைக்கும் நடுவே அலை உடையாமல் கொஞ்சம் கறுத்துத் தெரியும் இடம் பள்ளம். இறாலும் நண்டும் அலையில் புரண்டு அந்தப் பள்ளத்தில்தான் வந்து சேரும், மீனும் அதைத் தேடி அங்கே வரும். பல கரைகளில் அது 30, 40 மீட்டருக்குள்ளேயே இருக்கும். போனதும் தூண்டிலைப் பிரிக்காமல் பத்து நிமிஷம் நின்று அதைப் பாருங்கள்.

காசை எங்கே போட வேண்டும் என்றால், ரீலில். 8,000 ரூபாயில் பாதிக்கு மேல் ரீலுக்கே ஒதுக்குங்கள். காரணம் மீனின் பலம் இல்லை, உப்பு. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. தண்ணீர் காய்ந்துவிடும், உப்பு காயாமல் உள்ளே உட்கார்ந்துகொண்டு காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்து இழுத்து இரும்பை அரிக்கும். நான் தருமபுரியிலிருந்து முதல் தடவை கடலுக்குப் போய் வந்தபோது ரீலைத் துணிப்பையில் சுற்றி அப்படியே வைத்துவிட்டேன். நாலு நாள் கழித்து எடுத்துச் சுற்றினால் மணலை அரைப்பது போல ஒரு சத்தம். நரம்பு வளைந்து திரும்பும் இடத்தில் ஒரு சின்ன உருளை இருக்கும் இல்லையா, அது இறுகிச் சுழலவே இல்லை. உருளை சுழலாவிட்டால் நரம்பு ஒரே இடத்தில் தேய்ந்து கொண்டேயிருக்கும், பெரிய மீன் இழுக்கும்போது அங்கேதான் அறுபடும். ஆகவே கடையில் ரீலைக் கையில் எடுத்ததும் முதலில் அந்த உருளையில் ஒரு நூலைப் போட்டு இழுத்துப் பாருங்கள். நூலோடு சேர்ந்து அது சுழல வேண்டும், நூல் மட்டும் வழுக்கிக்கொண்டு போனால் அந்த ரீலை வைத்துவிடுங்கள்.

ராடில் பார்க்க வேண்டியது வளையங்கள். காது குடையும் பஞ்சுக் குச்சி ஒன்றைக் கொண்டுபோய் ஒவ்வொரு வளையத்தின் உள்பக்கமும் சுற்றி விடுங்கள். எங்கேயாவது பஞ்சு நூல் மாட்டினால் அங்கே கீறல் இருக்கிறது என்று அர்த்தம், கண்ணுக்குத் தெரியாது. உள்ளே பீங்கான் வைத்த வளையமாக இருக்கட்டும். வெறும் மெல்லிய உலோக வளையத்தில் பின்னல் நரம்பு ஓடி ஓடிக் கோடு போட்டுவிடும்.

நரம்புக்கு வருகிறேன். 0.35 நைலான் அணைக்குச் சரி. கடலுக்கு பிரெய்டு என்கிற பின்னல் நரம்பு 30 பவுண்டு இழுவை தாங்குவதாக வாங்குங்கள், குறைந்தது 200 மீட்டர். அதே பலமுள்ள நைலானின் ஏறக்குறைய பாதித் தடிமன்தான் இருக்கும், அதனால் காற்றை அறுத்துக்கொண்டு போகும், மீன் தொட்டதும் கையில் தெரியும். ஆனால் அதை, ரீலில் நரம்பு சுற்றும் வெறும் ஸ்பூலில் நேராகக் கட்டக் கூடாது. முதலில் பத்து மீட்டர் உங்கள் பழைய நைலானைச் சுற்றி, அதோடு பிரெய்டை முடிந்து மேலே சுற்றுங்கள். இல்லையென்றால் மொத்த நரம்பும் ஸ்பூல் மேலேயே வழுக்கிச் சுழலும், நரம்பு ஓடுவதை இறுக்கிப் பிடிக்கும் டிராக்கை எவ்வளவு முறுக்கினாலும் பிடிக்காது, ரீல் கெட்டுவிட்டது என்று நினைத்துத் திரும்பக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவீர்கள். பிரெய்டின் முன்முனையில் ராடைப் போல இரண்டு மடங்கு நீளத்துக்கு 40 பவுண்டு நைலானை லீடராக, அதாவது முன்துண்டாகக் கட்டுங்கள். வீசும்போது வரும் உலுக்கலை அது தாங்கும். நடுவில் நரம்பு அறுந்து 80 கிராம் ஈயம் பறந்தால் பக்கத்தில் நிற்பவர் மண்டை உடையும், இது விளையாட்டில்லை. முடிச்சை இறுக்கும் முன் எச்சில் தொட்டு நனையுங்கள், காய்ந்தபடி இறுக்கினால் நைலான் சூடாகி வலுவிழக்கும்.

டிராக்கை விரலால் இழுத்துப் பார்த்துக் குத்துமதிப்பாக வைக்கும் பழக்கத்தைக் கடலில் விட்டுவிடுங்கள். வீட்டில் ஒரு தொங்கு தராசு இருந்தால் நரம்பு முனையை அதில் மாட்டி இழுங்கள். 30 பவுண்டு என்பது சுமார் 13.5 கிலோ, அதில் நாலில் ஒரு பங்கு, அதாவது மூன்றரை கிலோ அருகில் ஸ்பூல் சுழலத் தொடங்கினால் சரி.

ஈயம் உருண்டையாக வாங்காதீர்கள். தையில் வாடைக்காற்று இன்னும் இருக்கும், கரையோரத் தண்ணீர் தெற்கே இழுக்கும், உருண்டை ஈயம் உருண்டு உருண்டு தெற்கே நிற்கும் நண்பருடைய நரம்பில் போய்ச் சிக்கும். பிரமிடு வடிவ ஈயம் மணலில் புதைந்து நிற்கும். மூன்று பேரும் ஆளுக்கு 20 மீட்டராவது தள்ளி நில்லுங்கள்.

இப்போது எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். உங்கள் ஊரைத் தொட்டு ஓடும் தென்பெண்ணைதான் கடலூர் தாழங்குடா பக்கம் கடலில் கலக்கிறது. அந்த முகத்துவாரத்துக்குப் போங்கள், உங்கள் பழைய 7 அடி ராடையும் 3000 ரீலையும் கட்டாயம் எடுத்துக்கொண்டு. உப்பும் நல்ல தண்ணீரும் கலக்கும் அந்த இடத்தில் மடவை கூட்டமாகத் திரியும், மடவை மாவு தின்னும் மீன். அணையில் கெண்டைக்குப் பிசைகிற அதே கோதுமை மாவு, அதே தக்கை, 8ஆம் நம்பர் தூண்டில் முள். இந்த ஒரு மீனுக்கு நீங்கள் எதையும் புதிதாக வாங்க வேண்டாம். கிழங்கானுக்கும் அதே முள்தான், இரை மட்டும் நகத்தளவு இறால் துண்டு. கொடுவா, பாறை மீன்கள் வேண்டுமென்றால் புது ராடில் 1/0 முதல் 3/0 வரை முள், உயிர் இறால் கிடைத்தால் அது, இல்லையென்றால் கணவாய்த் துண்டு. முள் நம்பர் குழப்பும்: வெறும் எண் கூடக்கூட முள் சிறிதாகும், பக்கத்தில் பூஜ்யம் சேர்ந்தால் எண் கூடக்கூட முள் பெரிதாகும். சீலா மீன் கடித்தால் லீடர் கத்தரித்தாற்போல் போய்விடும், அதற்கு ஒரு சாண் கம்பி லீடர் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நேரம் என்று கேட்டால், கடல் தண்ணீர் ஏறும் ஏற்றம் தொடங்கி முக்கால்வாசி வரும் வரை நான் நிற்பேன். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றமும் பலமாக இருக்கும். தண்ணீர் இறங்கும் வற்றத்தின்போது மட்டும் முகத்துவாரத்தில் இறங்காதீர்கள். ஆற்றுத் தண்ணீரும் சேர்ந்து கடலுக்குள் இழுக்கும், முழங்கால் தண்ணீர் என்று நம்பி நின்றால் காலடி மணலே கரைந்து போகும். அணைத் தண்ணீரில் பழகிய நமக்கு இந்த இழுப்பு பழக்கமில்லை. அப்புறம், தை 5ஆம் நாள் அந்தப் பக்கம் ஆற்றுத் திருவிழா, கரை முழுக்கக் குழந்தைகளும் கூட்டமுமாக இருக்கும், அன்றைக்கு முள்ளும் ஈயமும் வீசக் கூடாது. வேறு நாள் பாருங்கள்.

கடல் கெளுத்தியை அணைக் கெளுத்தி போல வெறும் கையால் பிடிக்காதீர்கள். முதுகு முள்ளும் பக்க முள்ளும் குத்தினால் கடுமையாகக் கடுக்கும். திருக்கை வால் முள் அதைவிட மோசம். குத்திவிட்டால் பொறுக்கும் சூட்டில், தோல் வெந்துவிடாத அளவு வெந்நீரில் கையையோ காலையோ அரை மணி நேரத்துக்கு மேல் வைத்திருந்தால் வலி தணியும், அதோடு ஆஸ்பத்திரிக்கும் போய்விட வேண்டும். அதனால் ஒரு பிளாஸ்கில் வெந்நீர் கொண்டுபோங்கள். உடம்பை ஊதிக்கொண்டு வரும் பேத்தை மீன் மாட்டினால் குறடால் கழற்றித் தண்ணீரில் விட்டுவிடுங்கள். அதன் விஷம் சமைத்தாலும் போகாது.

திரும்பி வந்த இரவே, எவ்வளவு அசதியாக இருந்தாலும், ரீலைக் கழுவுங்கள். டிராக்கை நன்றாக இறுக்கிவிட்டு, உள்ளே தண்ணீர் புகாதபடி, மெதுவாக ஊற்றும் தண்ணீரில் காட்டினால் போதும், பைப்பை அழுத்திப் பீய்ச்சினால் உப்பு இன்னும் உள்ளே போகும். நம் பக்கத்து போர்வெல் தண்ணீர் பல ஊர்களில் கடினம், காய்ந்தால் உருளையிலும் வளையத்திலும் வெள்ளையாகப் படியும். ஒகேனக்கல் குடிநீர் வருகிற வீடென்றால் ஒரு குடம் அதில் செலவழிக்கலாம், தப்பில்லை. பிறகு துணியால் ஒற்றி, டிராக்கைத் தளர்த்தி, நிழலில் காயவைத்து, உருளையில் ஒரு சொட்டு ரீல் எண்ணெய். ராடையும் வளையம் வளையமாகக் கழுவுங்கள்.

வாங்கியதும் நேராகக் கடலூருக்குப் போகாதீர்கள். அதற்கு முந்தைய ஒரு ஞாயிறு காலை, ஆள் இல்லாத திடலாகப் பார்த்து, முள் இல்லாமல் ஈயம் மட்டும் கட்டி முப்பது தடவை வீசுங்கள். முடிச்சு வளையத்தில் இடிக்கிறதா, நரம்பு ஸ்பூலின் விளிம்பு தாண்டி வழிகிறதா என்பது அங்கே தெரிந்துவிடும், திருத்த ஒரு வாரம் கையில் இருக்கும்.